தும்மல் போட்ட தேங்காய் எண்ணெய்

அத்தியாயம் ஐந்து

ஜவாஹிருக்கு இரண்டு விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. ஒன்று, தான் ஓட்டும் ஒஸ்டின் காரின் பிரேக். மற்றது, கமலேஸ்வரி மிஸ்ஸின் முகத்தில் காலையிலேயே வரும் சிரிப்பு. அந்தச் சனிக்கிழமை இரண்டும் சேர்ந்தே அவனைச் சோதித்தன. கார் நிற்க வேண்டிய கடையைத் தாண்டி இரண்டு கடை தள்ளி நின்றது. மிஸ் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

கமலேஸ்வரி ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவர். அதிபரின் மேசையிலிருந்து காணாமற்போன கைக்கடிகாரத்தை அதிபரின் சட்டைப் பையிலேயே, அதுவும் பரிசளிப்பு விழா மேடையில் வைத்துக் கண்டுபிடித்துக் கொடுத்தார். மறுவாரம் அவருக்கு வேலை இல்லை. ஜவாஹிர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். மேலதிகாரியின் தொப்பியைப் பற்றி அவன் சொன்ன ஒரு பகிடி மேலதிகாரியின் காதுக்கே போய்ச் சேர்ந்தது. இப்படி வாயால் கெட்ட இருவரும் சேர்ந்து திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு துப்பறியும் கந்தோர் நடத்தினார்கள். மனிதன் சந்திரனில் கால் வைத்து இன்னும் ஒரு மாதமாகவில்லை. ஆனால் ஊரில் அந்தக் கதை ஓய்ந்து, ஸுல்பிகாவின் எண்ணெய்க் கதை தொடங்கியிருந்தது.

அவளுடைய கடை வாசலில் ஒரே கூட்டம். கடை திறந்திருந்தால் எண்ணெய் வாங்குபவர்கள் மட்டும்தான் வருவார்கள், பூட்டியிருந்தால் ஊரே வரும். ஜவாஹிர் முழங்கையால் வழி எடுத்துக்கொண்டு போனான். உள்ளே, அரக்கு முத்திரை குத்திய எண்ணெய்ப் பீப்பாக்களுக்கு நடுவில் ஸுல்பிகா நின்றிருந்தாள். புருஷன் மௌத்தாகித் தனித்த பிறகு தானே கொப்பரா வாங்கி, தானே செக்கு நடத்தி, தானே விற்று நிமிர்ந்தவள். அவள் அழவில்லை. அழுகைக்கு இடம் கொடுத்தால் விழுந்துவிடுவோம் என்ற பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"வாங்க மிஸ். நாலு மணிக்கு ஆக்கள் வருவாங்களாம். இவ்வளவு எண்ணெயையும் கடலுல கவிழ்த்து ஊத்திட்டு, செக்குக்கும் சீல் வைப்பாங்களாம்."

"காரணம்?"

"நான் மெசின் எண்ணெய் கலந்தனாம். இந்தப் பேர் ஒட்டிக்கிட்டா, பொறகு இந்த ஊருல நான் தண்ணி வித்தாலும் ஆரும் வாங்க மாட்டாங்க."

"கலந்தனீங்களோ?"

"மிஸ்!"

"கேக்கிறது என்ட தொழில். கோவிக்காதேங்கோ."

"வல்லாஹி, ஒரு சொட்டு இல்ல!"

ஜவாஹிர் நம்பினான். பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு கோபப்பட மாட்டார்கள், பேரம்தான் பேசுவார்கள் என்பது அவனுடைய துறைமுக அனுபவம். மிஸ் நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

"புதன்கிழமை லைசன்ஸ் புதுப்பிக்க நானே ஒரு போத்தல்ல எண்ணெய் கொண்டுபோய்க் குடுத்தனான். உணவு இன்ஸ்பெக்டர் கனகசுந்தரம் ஐயா பல்கனியில வைச்சு ஒரு சிவத்த மருந்தை விட்டார். கொஞ்ச நேரத்தால சிவப்புப் போயிட்டு. 'நல்லது, போங்கோ' எண்டார். வியாழக்கிழமை விதிப்படி கடையையும் பாக்கவெண்டு அவரே வந்து இந்தப் பீப்பாயில இருந்து எடுத்துப் போனார். பொறகு என்னைக் கூப்பிட்டு அவர்ட அறையில வைச்சுக் காட்டினார். சிவப்பு அப்பிடியே நிண்டுட்டு. 'போத்தலுக்கு ஒண்டு, பீப்பாய்க்கு ஒண்டு வைச்சிருக்கிறீர்' எண்டு ஏசினார்."

"போத்தலில கொண்டுபோனதும் இந்தப் பீப்பா எண்ணெய்தானோ?"

"ஓம் மிஸ். ஒரே பீப்பா. ஒரே குழாய்."

"அப்ப நடுவுல ஆரோ மாத்தியிருக்கான்," என்றான் ஜவாஹிர். "எண்ணெய்க்குக் கால் இல்ல. ஆனா ஸைனுலாப்தீன் நானாவுக்கு ரெண்டு இருக்கு."

ஸைனுலாப்தீன் அடுத்த தெருவில் எண்ணெய் வியாபாரி. ஸுல்பிகாவின் செக்கின் மீது அவருக்கு நெடுநாளாக ஒரு கண். அதே வியாழக்கிழமை அவருடைய எண்ணெயையும் அதே அறையில் சோதித்தார்கள். அது ஒரு நிமிடத்தில் தேறிவிட்டது.

மிஸ் அந்தப் பேச்சைக் கவனிக்கவே இல்லை. "புதன்கிழமை பல்கனியில வேற ஏதும் நடந்ததோ? சின்ன விஷயமெண்டாலும் சொல்லுங்கோ."

ஸுல்பிகா யோசித்தாள். "என்ன நடந்தது... இன்ஸ்பெக்டர் தும்மினார். நானும் தும்மினன். ரெண்டு பேரும் மாறி மாறித் தும்மினம்."

"வியாழக்கிழமை அறைக்குள்ள?"

"மருந்து கொஞ்சம் மூக்கைக் கடிச்சது. ஆனா ஆரும் தும்மல்ல."

மிஸ்ஸின் முகத்தில் அந்தச் சிரிப்பு மறுபடியும் வந்தது. "ஜவாஹிர், காரை எடும். தும்மலைப் பிடிக்கப் போறம்."

"தும்மலுக்கு விலங்கு போட ஏலாது மிஸ்," என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் சாவியைத் தேடினான்.

இன்ஸ்பெக்டரின் கந்தோர் துறைமுகத்தைப் பார்த்த ஒரு பழைய மாடிவீட்டில் இருந்தது. வெளியே பல்கனியில் வெயில் கொதித்தது. உள்ளே அறையில் தடித்த திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்ததால் ஜவாஹிர் முதலில் ஒரு கதிரையிலும், பிறகு ஒரு மனிதரிலும் மோதினான். மனிதர் ஸைனுலாப்தீன். தேநீரும் கையுமாக, கல்யாண வீட்டுக்கு முதலாவதாக வந்த விருந்தாளி போல் உட்கார்ந்திருந்தார்.

"சும்மா சாட்சிக்கு வந்தனான்," என்றார் பல்லைக் காட்டி.

மேசைக்குப் பின்னால் கனகசுந்தரம் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இருட்டறையில் கறுப்புக் கண்ணாடி. ஜவாஹிரால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஐயா சினிமாவில நடிக்கிறதோ?"

"கண்நோய். வியாழக்கிழமை விடிய எழும்பேக்கை கண் ரெண்டும் மிளகாய்ப்பழம். வெளிச்சம் பாக்க ஏலாது. திரையெல்லாம் அண்டைக்குத்தான் போட்டது."

மிஸ் திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்தார், பல்கனிப் பக்கம் எட்டிப் பார்த்தார். "எனக்காக இன்னொரு தரம் செய்து காட்டுவியளோ?" என்று தேன் வடியக் கேட்டார்.

கனகசுந்தரம் கெட்ட மனிதர் அல்ல. விதி என்றால் விதி என்று நிற்பவர், அவ்வளவுதான். அவர் மூன்று சோதனைக் குழாய்களை எடுத்து வைத்தார். முதலாவதில் 'மாதிரி' என்று ஒட்டிய போத்தலிலிருந்து எண்ணெய். இரண்டாவதில் ஸைனுலாப்தீனின் எண்ணெய். மூன்றாவதில் ஸுல்பிகாவின் எண்ணெய். மாதிரிப் போத்தலைத் திறந்தபோது ஜவாஹிரின் மூக்கில் தெரிந்த ஒரு வாசம் ஏறியது. எங்கேயோ, ஏதோ ஒரு சனிக்கிழமையில் அறிமுகமான வாசம். பிடிபடவில்லை.

"இந்தச் சிவத்த மருந்து புரோமின்," என்றார் இன்ஸ்பெக்டர். "மாதிரி எண்ணெய் எப்பிடி நடக்குதோ, சரியான எண்ணெயும் அப்பிடித்தான் நடக்கோணும். மெசின் எண்ணெய் கலந்தாச் சிவப்பு நிண்டுடும். கொழும்பில இருந்து பகுப்பாய்வாளரே ரெலிபோனில சொன்னவர்."

மாதிரியில் விட்டார். துளித் துளியாகச் சிவப்பு விழுந்தது, விழுந்த வேகத்திலேயே மறைந்தது. ஸைனுலாப்தீனின் எண்ணெயும் அப்படியே குடித்துவிட்டு இன்னும் கேட்பது போல் நின்றது. ஸுல்பிகாவின் எண்ணெய் முதல் துளியை மட்டும் விழுங்கியது. அடுத்த துளியிலிருந்து சிவப்பு அசையாமல் நின்றது.

"பாத்தியளோ?" என்றார் இன்ஸ்பெக்டர். ஸைனுலாப்தீன் தேநீரை இரசித்துக் குடித்தார். கடையில் பீப்பாக்களுக்கு நடுவில் நிற்கும் ஸுல்பிகாவின் முகம் ஜவாஹிருக்கு நினைவில் வந்தது.

"ஜவாஹிர், அந்த மூண்டாவது குழாயைப் பல்கனிக்குக் கொண்டுபோம்," என்றார் மிஸ். "பாவம், கொஞ்சம் வெயில் காயட்டும்."

அவன் குழாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். ஆகஸ்ட் மாதத்து வெயில் நேராகக் குழாயில் இறங்கியது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு செம்மஞ்சளாயிற்று, செம்மஞ்சள் மஞ்சளாயிற்று, பிறகு ஒன்றுமில்லை. குழாயின் வாயில் மெல்லிய வெள்ளைப் புகை ஒன்று எழும்பியது. அடுத்த கணம் ஜவாஹிர் போட்ட தும்மலில் கூரையில் இருந்த காகங்கள் பறந்தன.

"சிவப்புப் போயிட்டு மிஸ்! அஹ்... அஹ்ச்சூ! அல்ஹம்துலில்லாஹ்!"

இன்ஸ்பெக்டர் பாய்ந்து வந்தார். "மாத்திப்போட்டாய்! வேற குழாயை மாத்திப்போட்டாய்!"

"எங்க ஐயா மாத்துற? சாரத்துக்குள்ள எண்ணெய்க் கடையா வைச்சிரிக்கன்? வேணுமெண்டா சோதிச்சுப் பாருங்க. ஆனா கூச்சம் காட்டக்கூடாது."

"சண்டை வேண்டாம்," என்றார் மிஸ். "ஐயா, நீங்களே உங்கட கையால இன்னொரு குழாய் எடுத்துச் செய்யுங்கோ."

கனகசுந்தரம் புதிதாக எண்ணெய் ஊற்றினார், சிவப்பு நின்றது. கறுப்புக் கண்ணாடியை இறுக்கிக்கொண்டு பல்கனிக்குக் கொண்டுபோனார். சிவப்பு அவர் கையிலேயே கரைந்து போனது. அவரும் தும்மினார். ஒரு தும்மலோடு நிற்கவும் இல்லை.

"ஆரும் ஒண்டையும் மாத்தேல்லை," என்றார் மிஸ். "புதன்கிழமை உங்களுக்குக் கண் சுகம், பல்கனியில வைச்சுச் செய்தியள். வியாழக்கிழமை கண்நோய், இருட்டில வைச்சுச் செய்தியள். எண்ணெய் ஒண்டுதான், மருந்து ஒண்டுதான். மாறினது வெளிச்சம்."

"வெளிச்சத்துக்கும் எண்ணெய்க்கும் என்ன கதை?"

"கடல் கடந்து ஆக்களை ஏத்திப்போற மூதூர் லோஞ்ச் தெரியும்தானே? எண்ணெயை அந்த லோஞ்ச் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, புரோமின் பயணி. இடம் காலியா இருந்தா, இருட்டோ வெளிச்சமோ, பேசாமல் போய்க் குந்திடும். குந்தினாச் சிவப்புப் போயிடும். லோஞ்ச் நிரம்பியிருந்தா, இருட்டில மரியாதையா நிண்டுகொண்டே இருக்கும். சிவப்பும் நிக்கும். ஆனா வெயில் பட்டால் அதுக்குச் சண்டித்தனம் வந்திடும். குந்தியிருக்கிறவரை இழுத்து வெளியில போட்டுட்டுத் தான் குந்தும்."

"வெளியில விழுந்தவர்?" என்றான் ஜவாஹிர்.

"சும்மா போவாரோ? இன்னொரு புரோமினைக் கையில பிடிச்சுக்கொண்டு புகையா வந்து உம்மட மூக்கில ஏறுவார்."

"அதுதான் தும்மல்!"

"அதுதான். தும்மலோட சிவப்புப் போனா, லோஞ்ச் நிரம்பினது, வெயிலில ஆரையோ இழுத்துப் போட்டிருக்கு. தும்மலில்லாமல் போனா, இடம் காலி."

ஜவாஹிருக்குச் சந்தோஷத்தில் ஆடலாம் போலிருந்தது. ஆனால் அதற்குள் ஸைனுலாப்தீன் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு மெதுவாகக் கை தட்டினார்.

"நல்ல கதை மிஸ். அப்ப புதன்கிழமை அவ தேறினது வெயில்ட வேலை, அது செல்லாது. இருட்டுல செஞ்சதுதான் செல்லும். இருட்டுல அவட எண்ணெய் மாதிரி போல நடக்கல்ல. என்ட எண்ணெய் நடந்தது."

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். "அவர் சொல்லுறது சரி. மிஸ், அவவுக்கு இருந்த ஒரே ஒரு சாட்சியையும் நீங்களே கெடுத்துப்போட்டியள்."

ஜவாஹிர் மிஸ்ஸின் காதருகே குனிந்தான். "மிஸ், நாங்க ஆர்ட பக்கம்?"

சுவர் மணிக்கூட்டில் இரண்டு அடித்தது. நாலு மணிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். மிஸ் அவசரப்படாமல் மேசைக்குப் போனார்.

"தேங்காயெண்ணெய் கிட்டத்தட்ட நிரம்பின லோஞ்ச் ஐயா. ஒண்டிரண்டு இடம்தான் காலி. முதல் துளி குந்தும், மிச்சம் நிக்கும். இருட்டில சிவப்பு நிக்கத்தான் வேணும். நிக்காட்டில்தான் யோசிக்கோணும்."

"அப்ப மாதிரியில ஏன் நிக்கேல்லை?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். ஜவாஹிர், அந்தப் போத்தலை மணந்து பாரும்."

அவன் மூக்கைத் துடைத்துவிட்டு மணந்தான். சனிக்கிழமை வாசம் இப்போது பெயரோடு வந்தது. பக்கத்து வீட்டு அன்னலட்சுமி அக்கா சனிக்கிழமை தவறாமல் தன் புருஷனை முற்றத்தில் இருத்தித் தலையில் தேய்த்து முழுக்காட்டும் வாசம்.

"மிஸ், இது தேங்காயெண்ணெயே இல்ல. எள்ளு! நல்லெண்ணெய்!"

"ஓம், நல்லெண்ணெய்தான்," என்றார் கனகசுந்தரம், இதில் என்ன புதினம் என்பது போல. "பகுப்பாய்வாளர் அதைத்தானே சொன்னவர். 'ஒரு நல்லெண்ணெயைப் பக்கத்தில வைச்சு ஒத்துப் பாருங்கோ' எண்டு. நானே கடைக்குப் போய் வாங்கினனான்."

மிஸ் ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து ஜவாஹிர் பதறினான். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா... கொழும்புக்கு ஒரு அவசர டிரங்கோல் போடுங்கோ."

லைன் கிடைக்கும்வரை ஜவாஹிர் நகத்தைக் கடித்துத் தீர்த்தான். கிடைத்தபோது, பாதி இலங்கைக்குக் கேட்கும் குரலில் இன்ஸ்பெக்டர் கத்தினார். மறுமுனையும் சளைக்காமல் கத்தியது. ரிசீவரிலிருந்து எல்லோருக்கும் கேட்டது.

"நல்லெண்ணெயோ? ஐயோ கனகசுந்தரம்! நான் சொன்னது நல்ல எண்ணெய்! நல்ல! கலப்பில்லாத! தேங்காய்! எண்ணெய்!"

ரிசீவரை வைத்தபோது இன்ஸ்பெக்டரின் முகம் அவருடைய கண்ணை விடச் சிவந்திருந்தது. ஊர் அறிய மானம் போனால் சந்தி சிரிக்கும் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த சந்தி இலக்கணமும் இப்படிச் சிரிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டு சொல்லுக்கு நடுவில் தொலைந்த ஓர் அகரம் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கடலில் கொட்டப் பார்த்தது.

"உங்களிட்ட, நீங்களே சத்தியம் பண்ணக்கூடிய தேங்காயெண்ணெய் இருக்கோ?" என்று கேட்டார் மிஸ்.

கனகசுந்தரம் வெட்கத்தோடு மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். "சாம்பல்தீவில எங்கட அம்மா தன்ட கையால காய்ச்சினது. தலைக்கு வைக்கிறனான்."

திரைகளை இழுத்து மூடி, அம்மாவின் எண்ணெயையும் ஸுல்பிகாவின் எண்ணெயையும் அருகருகே வைத்தார்கள். இரண்டிலும் முதல் துளி மறைந்தது. இரண்டிலும் அடுத்த துளியிலிருந்து சிவப்பு நின்றது. இரட்டைப் பிள்ளைகள் கூட இவ்வளவு ஒற்றுமையாக நடக்க மாட்டார்கள்.

"இடமே இல்லாத மெசின் எண்ணெய் கலந்திருந்தா அந்த முதல் துளிக்கே இடம் குறைஞ்சிருக்கும்," என்றார் மிஸ். "ஸுல்பிகாட எண்ணெய் உங்கட அம்மாட எண்ணெய் மாதிரிச் சுத்தம்."

"அப்ப," என்றான் ஜவாஹிர் மெதுவாக, "இருட்டுல, தும்மலும் இல்லாம, நல்லெண்ணெய் மாதிரி மடமடவெண்டு குடிச்ச அந்த மற்றத் தேங்காயெண்ணெய்?"

"இடம் காலியா இருக்கிற எண்ணெய் ஏதோ அதுக்குள்ள இருக்கு. மலிவான றப்பர் விதை எண்ணெயா இருக்கலாம். பீப்பாயைத் திறந்தாத் தெரியும்."

எல்லோரும் திரும்பினார்கள். தேநீர்க் கோப்பை இருந்தது. கதிரை காலியாக இருந்தது. படிகளில் யாரோ இரண்டிரண்டாகத் தாவி இறங்கும் சத்தம் கேட்டது.

ஒஸ்டின் அன்று பிரேக்கே தேவையில்லாமல் ஓடியது. ஸைனுலாப்தீன் இறங்குதுறையில் மூதூர் லோஞ்சில் ஏறிக்கொண்டிருந்தார். லோஞ்ச் நிரம்பி வழிந்தது. அவர் ஓரத்தில் இருந்த ஒரு கிழவரின் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டுவிட்டு அந்த இடத்தில் குந்தினார். மூதூர்க்காரர்கள் அதைப் பொறுப்பார்களா? ஜவாஹிர் போய்ச் சேர்ந்தபோது நாலைந்து பேர் நானாவை இடுப்புப் பட்டியில் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ், நிரம்பின லோஞ்ச், நல்ல வெயில், இழுத்துப் போட்டார்!" என்று கரையிலிருந்து கத்தினான் ஜவாஹிர். மிஸ் சிரித்த சிரிப்பில் அவருடைய கொண்டை அவிழ்ந்தது.

ஸைனுலாப்தீனின் களஞ்சியத்தில் தேங்காயெண்ணெய்ப் பீப்பாக்களுக்குப் பின்னால் றப்பர் விதை எண்ணெய்ப் பீப்பாக்கள் வரிசையாக இருந்தன. அவற்றை மறைக்கக்கூட அவர் மினக்கெடவில்லை. சோதனையில் தேறியவருக்கு என்ன பயம்?

நாலு மணிக்கு எண்ணெயைக் கவிழ்க்க வந்த ஆட்கள் ஸுல்பிகாவின் கடை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். கூட்டம் காலையை விடப் பெருத்திருந்தது. கனகசுந்தரம் தானே குனிந்து அரக்கு முத்திரைகளை ஒவ்வொன்றாக உடைத்தார். உடைத்து முடித்ததும், மூன்று நாளாகக் கல்லாக நின்ற ஸுல்பிகா ஒரு பீப்பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"என்னட்ட மாப்புக் கேக்காதீங்க ஐயா," என்றாள் விம்மலுக்கு நடுவில். "என்ட பேரைக் கெடுத்தது ஊருக்கு முன்னால. அந்த ஊருக்குச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் தயங்கினார். பிறகு கதிரை ஒன்றில் ஏறி நின்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சிவந்த கண்ணிரண்டும் வெயிலில் நீராக ஓட, தொண்டை கிழியக் கத்தினார்.

"எல்லாரும் கேளுங்கோ! பிழை என்னில! ஸுல்பிகா விக்கிறது நல்லெண்ணெய்!"

கூட்டத்தின் பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் நின்றவளை இடித்தாள். "நல்லெண்ணெயாமே? நான் தேங்காயெண்ணெய்க்கல்லா போத்தல் கொண்டு வந்தனான்!"

"இல்லை! இல்லை!" கனகசுந்தரம் கதிரையில் துள்ளினார். "நல்லெண்ணெய் இல்லை! நல்ல..." மூச்சு வாங்கினார். "எண்ணெய்! நல்ல! பிறகு கொஞ்சம் நிப்பாட்டுங்கோ! எண்ணெய்!"

தெரு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. யாரோ ஒருவர் "நல்ல!" என்று குரல் கொடுக்க, ஊரே "எண்ணெய்!" என்று திருப்பிக் கத்தியது. ஜவாஹிர் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தான். ஸுல்பிகா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுகையும் சிரிப்பும் ஒரே வாயில் வந்து முட்டின. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முதலில் வந்த அந்தப் பின்வரிசைப் பெண்ணின் போத்தலை வாங்கி, பீப்பாயின் குழாயைத் திறந்தாள்.

"எவ்வளவு வேணும்?" என்றாள்.

"நிரப்புங்க ராத்தா," என்றாள் அந்தப் பெண்.